சுந்தரியைப் பட்டினி போடாதே

டிக்கோயா

அன்பின் சரோஜா,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. உன் பூனை சுந்தரி ஆறு கிலோவைத் தாண்டிவிட்டாள், சன்னல் விளிம்புக்குத் தாவ முடியாமல் கீழேயே நின்று கத்துகிறாள், அதனால் அடுத்த மாதம் மூன்று நாள் தண்ணீர் மட்டும் வைத்துப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை வாசித்தவுடன் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதே. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் உண்ணாமல் இருந்தால், உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பெல்லாம் ஒரே நேரத்தில் கல்லீரலுக்குப் போய்த் தேங்கி, கல்லீரல் வேலை செய்ய முடியாமல் போய்விடும். ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாகும், வாந்தி எடுக்கும், பிறகு உணவை வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடும். உயிரையே எடுக்கக்கூடிய நோய் அது. நாயை விடப் பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

எங்கள் நாய் மணியின் கதையை உனக்கு முழுவதுமாக நான் சொன்னதில்லை. தைப்பொங்கலுக்கு மறுநாள் அவனைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்துக்கு அழைத்துப் போய், சாக்கில் உட்காரவைத்து, அங்குள்ள தராசுக் கொக்கியில் மாட்டினோம். சாக்கின் நிறையைக் கழித்த பிறகும் 21 கிலோ இருந்தான். அவனுடைய உடல்வாகுக்கு 16 கிலோதான் பொருத்தம் என்று மிருக வைத்தியர் சொன்னார். அதற்கு முன்பே ஒரு வருடமாகப் படியேறும்போது பின்னங்காலை இழுத்துக்கொண்டிருந்தான். வயது ஒன்பதாகிறது, மூப்பு வந்துவிட்டது என்று நாங்கள் எண்ணி விட்டுவிட்டோம். அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

அவன் அதிகம் தின்கிறான் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் கொடுத்தோம். காலையில் பிள்ளைகள் தேநீரில் தோய்த்த பிஸ்கற், அம்மாவிடமிருந்து ஒரு ரொட்டி, மதியம் என் கையால் சோறும் கறியும், மாலையில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் இன்னொரு ரொட்டி. தேங்காய்ப்பூ சேர்த்த பெரிய ரொட்டி ஒன்றில் சுமார் 250 கலோரி இருக்கும். 16 கிலோ நாய்க்கு, நிறை குறையும் காலத்தில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 560 கலோரி போதும் என்று வைத்தியர் கணக்கிட்டுக் காட்டினார். அப்படியானால் இரண்டு ரொட்டியிலேயே அவனுடைய ஒரு நாள் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. சோறு முழுவதும் அதற்கு மேல்தான்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தோட்டத்தில் மாவும் அரிசியும் இல்லாமல் வாடியவர் அவர். வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஓர் உயிருக்கு இல்லை என்று சொல்ல அவரால் முடியாது, அப்படிச் சொல்லும்படி நான் அவரைக் கேட்கவும் கூடாது. ஆகவே பழைய பால்மா டின் ஒன்றைக் கழுவி எடுத்து, மணியின் அன்றைய பங்கைக் காலையிலேயே அளந்து அதில் போட்டு, அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைத்தேன். யார் எப்போது கொடுக்க விரும்பினாலும் அந்த டின்னிலிருந்துதான் எடுக்க வேண்டும். டின் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். பக்கத்துக் காம்பராவுக்கும் ஒரு பிடி கொடுத்துவிடுவேன். அம்மா தம் கையாலேயே கொடுத்தார், மணியும் வழக்கம்போல் அவர் காலடியில்தான் படுத்தான். சோற்றில் பாதியைக் குறைத்து, அவித்த போஞ்சியும் கரட்டும் சேர்த்தோம். வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு என்பதால் கறிக்குழம்பை அடியோடு நிறுத்தினோம்.

நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கினோம். செங்குத்தான படிக்கட்டுகளைத் தவிர்த்துச் சமதளமான றோட்டில் மட்டும் நடத்தினோம். இருட்டும் நேரத்தில் இங்கே சிறுத்தைப்புலி வந்து நாயைத் தூக்கும் என்பது உனக்குத் தெரியும். ஆகையால் வெயில் வந்த பிறகே போவோம். ஆனால் நிறை குறைந்ததற்குப் பெரும் காரணம் அந்த டின்தான், நடை அதற்குத் துணை. நாய்க்கு வாரத்துக்கு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு குறைந்தால் போதுமானது. ஏழு மாதம் கழித்து, போன சனிக்கிழமை நிறுத்தோம்: 16.4 கிலோ. காலை இழுப்பது நின்றுவிட்டது.

48 லாப்ரடோர் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து கடைசி வரை கவனித்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. அதில் நூற்றுக்கு 25 பங்கு குறைவாக உண்ட நாய்கள் மற்றவற்றை விட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. இதை வைத்தியர் சொன்னபோது அம்மாவும் என் அருகில்தான் இருந்தார். வீட்டுக்கு வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

இனிச் சுந்தரிக்கு. அவளுக்கு வாரத்துக்கு நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்கு குறைந்தால் போதும். ஆறு கிலோவில் அது 30 முதல் 60 கிராம்தான். ஆகவே அவசரப்படாதே. பூனை இறைச்சி உண்ணும் பிராணி என்பதால், உப்பில்லாமல் அவித்த மீனைக் கைவிடாமல் சோற்றையும் பாலையும் குறை. வேறு உணவுக்கு மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துச் சிறிது சிறிதாகக் கலந்து கொடு. ஒரு நாள் முழுவதும் உண்ணாமல் இருந்தால் காத்திராமல் வைத்தியரிடம் கொண்டுபோ. நீ கம்பளையில் இருப்பதால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலை உனக்குத் தூரமில்லை. தொடங்குவதற்கு முன்பே ஒரு முறை அங்கே காட்டி, வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, எவ்வளவு உணவு என்பதையும் கேட்டு எழுதிக்கொள்.

அவள் விலாவைத் தடவிப் பார். உன் விரிந்த கையின் புறத்தைத் தடவும்போது எலும்பு தட்டுப்படுவதுபோல் இருந்தால் நல்ல நிலை. உள்ளங்கையைத் தொடுவதுபோல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு அதிகம். பின்வயிற்றில் தளர்ந்து ஆடும் தோலைக் கண்டு மட்டும் கவலைப்படாதே, மெலிந்த பூனைக்கும் அது உண்டு. நீ அவளைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்தால் அவள் நிறை தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். மீன் துண்டை ஒரே தட்டில் வைக்காமல் நாலைந்து இடங்களில் வை, தேடி நடக்கட்டும்.

இன்றைய நிறையையும், வீட்டில் யார் யார் அவளுக்கு என்னென்ன கொடுக்கிறார்கள் என்பதையும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு. மாமாவிடமும் கேள், அவர் இரவில் கருவாடு கொடுப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அன்புடன்,
பார்வதி