தாத்தாவின் எஞ்சினும் மைலோ டின்னும்

அன்பு மகளுக்கு,

தாத்தாவின் பழைய புல்வெட்டி எஞ்சினுக்காக நீ பெர்த்திலிருந்து அனுப்பிய பொட்டலம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பிளக் சரி, பாயிண்ட் செட்டும் (மின்னோட்டத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் முனைகள்) சரி. ஆனால் பிரித்தது உன் அம்மா. கண்டென்சரோடு சுண்டுவிரல் நக அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்திருக்கிறது. என்னவோ அடைப்பான் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டாள். நல்லவேளை, பையைக் கட்டி இன்னும் குப்பைக் குழாயில் தள்ளவில்லை. தள்ளியிருந்தால் ஒன்பது மாடி கீழே போயிருக்கும். வெங்காயத் தோலுக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்தேன். அதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று பிறகு சொல்கிறேன்.

போன மாதம் போனில் கேட்டாயே, "நமக்கு ஒரு முழம் புல்தரை கிடையாது, இந்தப் புல்வெட்டி மெஷின் எதுக்குப்பா?" என்று. பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்தேன். பஸ் ஒன்றும் வரவில்லை.

அந்த மெஷினைத் தாத்தா வாங்கியது 1971-இல், பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரைவிட்டு வெளியேறிய வருடம். நேவல் பேஸில், அதாவது அவர்களுடைய கடற்படைத் தளத்தில், ஒரு துரை வீட்டைக் காலி செய்தபோது அவரிடம் கேட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தள்ளிக்கொண்டு போய், பெரிய பங்களாக்களில் புல் வெட்டிக் கூடுதலாகச் சம்பாதித்தார். நான் தொடக்கநிலை ஆறு முடிக்கும்வரை என் பள்ளிச் செலவு அந்தப் புல்லில் இருந்துதான் வந்தது. இப்போது உடம்பெல்லாம் துருப்பிடித்துப் போய்விட்டது, பலகையில் எஞ்சின் மட்டும்தான் மிச்சம்.

தாத்தாவிடம் ஒரு மைலோ டின் இருந்தது. பழுப்புத் தாளில் சுற்றிய கண்டென்சர் இரண்டு, பாயிண்ட், ஃபிளைவீல் கீ (எஞ்சின் தண்டோடு கனச் சக்கரத்தைப் பூட்டும் சின்னத் துண்டு), பிளக், எல்லாம் அதில்தான். 1998-இல் ஈசூனுக்கு வீடு மாறியபோது, துருப்பிடித்த டின் எதற்கு என்று நான்தான் தூக்கிப் போட்டேன். அடுத்த வாரம் அவர் தேடினார். லாரியில் எங்கோ விழுந்திருக்கும் என்றேன். "சரிப்பா" என்றார். அப்புறம் கேட்கவே இல்லை. உன் அம்மா பிளாஸ்டிக் துண்டைப் போட்டதற்கு நான் கோபப்படாததன் காரணம் இதுதான்.

சரி, தேடின கதைக்கு வருகிறேன். முன்பு இந்த மாதிரிச் சாமானுக்குச் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். 2017 ஜூலையோடு அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள். ஜாலான் புசார் பக்கம் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் கடைகளில் கேட்டேன். ஒரு வயதான தவுக்கே (கடை முதலாளி) எஞ்சினின் படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார், சிரித்தார், திருப்பிக் கொடுத்தார். இன்னொரு கடைப் பையன் புது காயில் (பொறிக்கு மின்சாரம் தரும் கம்பிச் சுருள்) ஒன்றை எடுத்து வைத்து, பாயிண்ட் என்றால் என்ன என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை. இந்த எஞ்சினைச் செய்த பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம் 1982-இல், பாயிண்ட் தேவைப்படாத மேக்னட்ரான் என்ற மின்னணு முறைக்கு மாறத் தொடங்கியது. அவன் பிறப்பதற்கு வெகு முன்பே பாயிண்ட்டின் காலம் முடிந்துவிட்டது.

என் முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். பிளக்கில் தீப்பொறி வரவில்லை என்றதும் காயில்தான் போயிற்று என்று நானே முடிவு கட்டி, படத்தைப் பார்த்து ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். முப்பத்தெட்டு வெள்ளி. வந்து பார்த்தால் போல்ட் துளையே பொருந்தவில்லை. அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, எஞ்சின் மேல்தகட்டைத் துணியால் துடைத்தேன். மாடல், டைப், கோட் என்று மூன்று எண்கள் குத்தியிருந்தன. உனக்குப் படம் எடுத்து அனுப்பினேனே, அதுதான். மாடல் 9-இல் தொடங்கினால் கொள்ளளவு ஏறக்குறைய 9 கன அங்குலம், அதாவது 150 சிசிக்குப் பக்கம். கோட் 680917 என்று தொடங்குகிறது: 1968 செப்டம்பர் 17-இல் செய்தது. அப்போது நான் தொடக்கநிலை இரண்டில் இருந்தேன்.

பாயிண்ட்டைப் பார்க்க வேண்டுமானால் ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, பாயிண்ட் முனைகளில் சாம்பல் நிறப் படலம்; மற்றதைப் பிறகு சொல்கிறேன். நம் ஊர் ஈரக் காற்றுக்கு அது சாதாரணம். உப்புத்தாள் வைத்து லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்தேன். ஒரு நாள் மங்கலாகப் பொறி வந்தது, மறுநாள் அதுவும் இல்லை. கண்டென்சர் கசிந்துவிட்டது.

இந்த எஞ்சினில் பேட்டரி கிடையாது பாப்பா. ஃபிளைவீலில் இருக்கும் காந்தம் காயிலைக் கடக்கும்போது உள்ளே மின்சாரம் ஓடுகிறது. சரியான நொடியில் பாயிண்ட் திறந்தால் அந்த ஓட்டம் அறுந்து, பிளக்கில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பாய்கிறது. அப்போது பாயிண்ட்டிலேயே தீப்பொறி பறந்து வீணாகாமல் தாங்கிப் பிடிப்பது கண்டென்சர். வெறும் 0.2 மைக்ரோஃபாரட் அளவுதானே, மின்னணுச் சாமான் விற்கும் சிம் லிம் டவரில் சில காசுக்குக் கிடைக்குமே என்று கிளம்பிவிட்டேன். ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினேன். இதில் கண்டென்சரின் நுனியே பாயிண்ட்டின் ஒரு முனை. தனியாக வேறு ஒன்றைச் சொருக இடமில்லை. உனக்குத் தொல்லை கொடுத்தது அதனால்தான்.

புதுக் கண்டென்சரின் பின்பக்கம் ஒரு குட்டி ஸ்பிரிங். அதை அமுக்கினால்தான் ஒயர் நுழையும் துளை தெரியும். விரலால் அமுக்கினால் வழுக்குகிறது, குறடு வைத்தால் ஸ்பிரிங் பறந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போகும். அமுக்குவதற்கென்றே செய்ததுதான் குப்பையிலிருந்து மீட்ட அந்தப் பிளாஸ்டிக் துண்டு! பாயிண்ட் முழுக்கத் திறக்கும்வரை தண்டைச் சுழற்றி, கண்டென்சரை நகர்த்தி இடைவெளியை 0.020 அங்குலத்தில் வைத்து இறுக்கினேன். பிளக்குக்கு 0.030. அதற்குக் காலாவதியான வங்கி அட்டையே போதும், கிட்டத்தட்ட அதே தடிமன்.

நேற்று ராத்திரி சமையலறை விளக்கை அணைத்து, பிளக்கை எஞ்சின் உடம்பில் ஒட்டி வைத்துக் கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் நீலமாகப் பளிச்சென்று ஒரு பொறி. உன் அம்மா, "இதுக்கா விளக்கை அணைச்சீங்க" என்றாள். ஆனால் இன்னொரு தரம் இழுக்கச் சொன்னாள்.

இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் பெட்ரோலைக் கொண்டுவரக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு, எனக்கும் அதுதான் சரி. காக்கி புக்கிட்டில் ஒரு நண்பரின் பட்டறைக்குக் கொண்டுபோவேன். அதற்கு முன் ஃபிளைவீல் கீ வேண்டும். கழற்றியபோது தெரிந்த இரண்டாவது விஷயம் அதுதான்: கீ பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. இப்படியே மாட்டினால் பொறி நேரம் தப்பிவிடும், கயிறு கையை உதறும். இரண்டு மூன்று வாங்கி அனுப்பு. இரும்பில் வேண்டாம், அதற்கென்று விற்கும் மெத்தென்ற உலோகத்தில்தான் வேண்டும். பிளேடு கல்லில் மோதினால் கீ முதலில் அறுந்து தண்டைக் காப்பாற்ற வேண்டும். கூடவே கார்புரேட்டருக்கு ஒரு டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு). மாடல் எண்ணைச் சொல்லிக் கேள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பொட்டலத்தை இந்தத் தடவை என் பெயருக்கு அனுப்பு.

அப்பா