ஆள் இல்லாத படங்கள்

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பிய உன் ஓவியக் கண்காட்சிப் புத்தகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. உறைக்குள் கடிதம் ஏதேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அம்மை இருமுறை உதறிப் பார்த்தாள். வேலை மிகுதியில் எழுத மறந்திருப்பாய் என்று நானே உனக்காகப் பதில் சொல்லிவிட்டேன். இரவில் டர்பன்டைன் நெடியோடு சன்னலை அடைத்துக்கொண்டு உறங்காதே.

படங்களை வரிசையாகப் பார்த்தேன். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் பட்டணங்கால் வாய்க்காலின் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குக் கடத்தும் மாத்தூர் தொட்டிப்பாலத்தை, 1966-இல் அது கட்டப்பட்ட காலம் முதல் எத்தனையோ பேர் படம் பிடித்திருக்கிறார்கள். தூணின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு வயிற்றில் உண்டாகும் அச்சத்தை நீ வண்ணத்தில் கொண்டுவந்திருக்கிறாய். பொதுப்பணித்துறையில் என்னோடு இருந்தவர்களிடம் அதைக் காட்டினேன். தூண்களில் பாசி ஏறியிருக்கும் உயரம்கூடச் சரியாக இருக்கிறது என்றார்கள். யார் மகள் என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

ரப்பர் தோட்டப் படத்தில் மட்டும் ஒரு பிழை. பால்வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வரவேண்டும். நீ மாற்றி வரைந்திருக்கிறாய். அப்படி வெட்டினால் சிரட்டையில் விழும் பால் குறையும் என்பது, பாட்டாவின் குலசேகரம் தோட்டத்தில் வளர்ந்த உனக்குத் தெரியாததன்று. உடல் நலமின்றியோ உறக்கமின்றியோ வரைந்தாயோ என்று எண்ணிக்கொண்டேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இன்னொன்றும் உண்டு. எந்தப் படத்திலும் ஓர் ஆள்கூட இல்லை. தோவாளைப் பூச்சந்தையில் விடியும் முன்பே நெரிசலில் கால்வைக்க இடமிருக்காது. நீயோ பிச்சியையும் அரளியையும் குவித்துவைத்துவிட்டு விற்பவரையும் வாங்குபவரையும் விட்டுவிட்டாய். வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் நொச்சியிலையுமாகக் கல் பதித்ததுபோல் மடித்துத் தொடுக்கும் மாணிக்கமாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது அந்தக் கைகளால்தானே? மாலையை வரைந்த நீ கைகளை வரையவில்லை. குளச்சல் கரையில் வள்ளம் கிடக்கிறது, கரைமடி வலை கிடக்கிறது, இழுக்க ஒருவரும் இல்லை. கும்பப்பூ நெல் வயலில் அறுத்த கதிர் கிடக்கிறது, அறுத்தவர் இல்லை. இப்போது இயந்திரம்தான் அறுக்கிறது என்று வாதிடுவாய். இயந்திரத்துக்கும் ஓட்டுநர் உண்டு மக்களே.

முந்தைய கண்காட்சியில் நீ இப்படி வரையவில்லை. அக்கானிக் கலயத்தோடு இறங்கும் பனையேறியின் மார்பில் இருந்த தழும்பைக் கண்டு, கிட்டே போய்த் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது என்றாள் அம்மை. திண்ணையில் இருவர் அமர்ந்திருக்கும் அந்தப் பெரிய படத்தில் இருவரும் யார் யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது விற்றுவிட்டதா, உன்னிடமே இருக்கிறதா என்று உன் சித்தி கேட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் மகளின் திருமணத்துக்கு நீ வராதது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. கண்காட்சி வேலை என்று நீ சொன்னதை நான் சொன்னேன், அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

படங்களின் மூலையில் உன் கையெழுத்தையும் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பின் மாறியிருந்த தலைப்பெழுத்து இப்போது மீண்டும் என் தலைப்பெழுத்தாகியிருக்கிறது. எழுத்து அழகாகவே அமைந்திருக்கிறது. ஓவியர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் இருக்கலாம். காரணம் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அம்மை கண்ணாடி அணியாமல் பார்த்ததால் அவள் அதைக் கவனித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் அன்று முதல் புத்தகத்தை அவள்தான் வைத்திருக்கிறாள்.

ஜூன் மாதம் பேச்சிப்பாறை அணை திறந்ததும் கன்னிப்பூ நெல் நடவு தொடங்கிவிடும். சேற்றில் நிற்பவர்களை வரைய வேண்டுமென்றால் அதைவிட நல்ல காலம் இல்லை. மாடியறையில் இருந்த நெல் மூட்டைகளைக் கீழே இறக்கி, சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறோம். வடக்கு வெளிச்சம்தான் ஓவியத்துக்கு ஏற்றது என்று நீ சொல்வாயே, அந்தச் சன்னலுக்குப் புதிய கண்ணாடியும் போட்டாயிற்று. அதைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்யலாம். அங்கேயும் அடைத்துக்கொண்டு உறங்கக் கூடாது.

பரோடா வழியாக வரும் காந்திதாம் வண்டி வாரம் ஒருமுறை நாகர்கோவிலுக்கே வருகிறது. எங்கும் இறங்கி மாறவேண்டியதில்லை. சுருட்டிய ஓவியத் துணிகளையும் வண்ணப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நீ நடைமேடையில் அலையாதே, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். எந்தத் தேதி என்பதையும், பயணச்சீட்டு ஒன்றா இரண்டா என்பதையும் மட்டும் எழுது. எதுவானாலும் சரிதான். உலையில் எவ்வளவு அரிசி போடவேண்டும் என்பதற்காகத்தான் அம்மை கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
அப்பா