பாக்கெட் வாங்கும் ஃபங்ஷனை ஆவணத்தில் உள்ளபடி எழுதுங்கள்

நெட்வொர்க் சிப்புகளுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். நீங்கள் எழுதும் டிரைவர்களை நம்பித் தொழில் செய்பவன் நான். சிறு அலுவலகங்களுக்கு கேட்வே பெட்டிகள் அமைத்துப் பராமரிக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு பெட்டி அடிக்கடி செவிடாகிப் போனது. கேபிள் சரி, விளக்கு மினுக்குகிறது, வெளியே போகும் பாக்கெட் எண்ணிக்கை ஏறுகிறது. உள்ளே வரும் எண்ணிக்கை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இன்டர்ஃபேஸை இறக்கி ஏற்றலாம் என்று பார்த்தால், இறக்கச் சொன்ன கட்டளையே திரும்பி வரவில்லை. கரண்டை நிறுத்திப் போட்டால்தான் வழி.

டிரைவரின் சோர்ஸ் கையில் இருந்தது. இரண்டு ராத்திரி தேடி, போல் ஃபங்ஷனில், அதாவது வந்த பாக்கெட்டுகளை வாங்க லினக்ஸின் மையமான கெர்னல் கூப்பிடும் ஃபங்ஷனில், காரணத்தைக் கண்டுபிடித்தேன். பாக்கெட் வந்து இறங்கும் பஃபர்களின் வரிசையான ரிங்கில் புது பஃபர் போட மெமரி கிடைக்காவிட்டால், அந்த டிரைவர் லூப்பை விட்டு வெளியே வந்து, அதுவரை வாங்கிய எண்ணிக்கையை அப்படியே ரிட்டர்ன் செய்கிறது. 17 வாங்கியிருந்தால் 17. பாக்கெட்டுகளைக் கொத்தாக வாங்க கெர்னலில் உள்ள ஏற்பாடு நேப்பி (NAPI). அதனிடம் 'முடிந்தது' என்று சொல்லும் நேப்பி கம்ப்ளீட் அழைப்பு அந்தப் பாதையில் இல்லவே இல்லை.

நேப்பி ஆவணம் இதில் தெளிவாக இருக்கிறது. போல் ஃபங்ஷனுக்கு ஒரு பட்ஜெட் வரும், வழக்கமாக 64. அதற்கு மேல் பாக்கெட் வாங்கக் கூடாது. வேலை பாக்கி இருந்தால் பட்ஜெட்டையே ரிட்டர்ன் செய்ய வேண்டும். கெர்னல் திரும்பக் கூப்பிடும். எல்லாம் முடிந்திருந்தால் கம்ப்ளீட்டை அழைத்து, பாக்கெட் வந்ததும் சிப் சிபியுவை எழுப்பும் சைகையான இன்டரப்டைத் திறந்துவிட்டு, பட்ஜெட்டுக்குக் குறைவான எண்ணைத் தர வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. 17 என்று கேட்டதும் கெர்னல், டிரைவர் வேலையை முடித்துவிட்டது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. டிரைவரோ இன்டரப்டைத் திறக்கவில்லை. இனி யார் யாரை எழுப்புவது? இறக்கும் கட்டளை தொங்கியதும் இதனால்தான்: கம்ப்ளீட் வந்து துடைக்க வேண்டிய அடையாளம் துடைக்கப்படாமலே கிடக்க, அதற்காகக் கட்டளை காத்துக்கொண்டே இருக்கிறது.

இன்டெலின் ஐ40இ டிரைவரைப் பாருங்கள். பஃபர் கிடைக்காமல் போனால் பட்ஜெட்டையே ரிட்டர்ன் செய்கிறது. ஒரே வரிதான். எழுதியவர் ஆவணத்தின் பொருளைப் பிடித்திருக்கிறார்.

நேப்பி சும்மா வந்த ஏற்பாடு இல்லை. ஒரு கிகாபிட் லைனில் மிகச்சிறிய பாக்கெட்டுகள் விநாடிக்குச் சுமார் 14,88,000 வரலாம். ஒவ்வொன்றுக்கும் இன்டரப்ட் அடித்தால் சிபியு வேறெதையும் பார்க்க முடியாது. அதனால்தான் இன்டரப்டை மூடிவைத்து, கொத்தாக வாங்கி, முடிந்ததும் திறக்கிறோம். யார் எப்போது திறப்பது என்பதில் இரு தரப்பும் ஒரே புரிதலில் இருந்தால்தான் இது ஓடும்.

சரியாக 64 வாங்கியதும் ரிங் காலியாகிவிட்டால் என்ன செய்வது என்பதையும் ஆவணம் விடவில்லை. கம்ப்ளீட்டை அழைக்காமல் அடுத்த முறைக்குக் காத்திருங்கள், இல்லை அழைத்துவிட்டு 63 தாருங்கள் என்கிறது. கம்ப்ளீட்டையும் அழைத்து 64-ஐயும் தந்தால், கெர்னல் இன்னும் தன் கையில் இருப்பதாக நினைக்கும் பட்டியலை இன்னொரு சிபியுவும் தொடும். அப்புறம் வரும் கிராஷுக்குக் காரணம் தேடுவது பெரும் பாடு. பட்ஜெட் 0 என்று வந்தால் அனுப்பும் பக்கத்தை மட்டும் சுத்தம் செய்ய வேண்டும், ஒரு பாக்கெட்டும் வாங்கக் கூடாது. கெர்னலின் செய்திகளை நெட்வொர்க் வழியே அனுப்பும் நெட்கன்சோலை ஓட்டிப் பார்த்தாலே உங்கள் டிரைவர் இதை மதிக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இதெல்லாம் முன்பு கோட் கமென்ட்களில் சிதறிக் கிடந்தது உண்மைதான். 2023-இல் கெர்னல் ஆவணத்திலேயே தனிப் பக்கம் வந்துவிட்டது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் போல் ஃபங்ஷனின் ஒவ்வொரு ரிட்டர்னையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடும் பாதையைவிடத் தோற்கும் பாதைகளை முதலில் பாருங்கள். மெமரி கிடைக்காத நிலையைச் செயற்கையாக உண்டாக்க கெர்னலிலேயே ஃபெயில்ஸ்லாப் இருக்கிறது. வெளியிடும் முன் ஒரு ராத்திரி அதைப் போட்டு ஓட்டுங்கள்.

நான் அந்தப் பெட்டியில் ஒரு வரியை மாற்றினேன். அன்றிலிருந்து அது நிற்கவில்லை. அந்தத் திருத்தத்தை, உங்களில் அந்த டிரைவரை எழுதிய குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. அதே சிப்போடு இன்னும் ஆறு பெட்டிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. அடுத்த வெளியீட்டிலாவது அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு கேட்வே பராமரிப்பாளர்