பாட்டியின் படையலும் உன் சைவமும்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். புலால் உணவை அடியோடு விட்டுவிட்டதாக நீ எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். தைப்பூசக் காவடிக்காக 48 நாள் மச்சம் மாமிசம் தொடாமல் இருப்பதே எவ்வளவு உறுதி வேண்டுவது என்பதை அறிந்தவன் நான். அந்த உறுதியை வாழ்நாள் முழுவதும் காக்க நீ முடிவு செய்திருப்பது எனக்குப் பெருமையே.

ஆனால் அதே கடிதத்தின் இறுதியில், நம் தோட்டத்து முனியாண்டி கோயிலில் கிடா வெட்டுவது சமயமே ஆகாது என்றும், அதைப் படைத்து உண்பவர்கள் இறைவனை அறியாதவர்கள் என்றும் எழுதியிருந்தாய். உன் கடிதங்களைப் பாட்டிக்கு நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அந்த வரிகளை மட்டும் வாசிக்காமல் விட்டுவிட்டேன். அவற்றைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வள்ளுவர் ‘புலால் மறுத்தல்’ என்னும் 26ஆம் அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்திருப்பதால், அது துறவிகளுக்கு மட்டும் சொன்னது என்று வாதிடுவோர் நம் ஊரிலும் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. ‘தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவா ரில்’ என்று அதே அதிகாரத்தில் அவர் பேசுவது வாங்குபவனையும் விற்பவனையும் பற்றி. பசாரில் கோழி வாங்கும் நம் எல்லோரையும் நோக்கி அந்தக் குறள் நிற்கிறது; அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இறைவனை அறியாதவர்கள் என்ற சொல்லுக்கு மட்டும் மறுமொழி உண்டு. காளத்தி மலையில் திண்ணன் என்ற வேடர், தாம் மென்று சுவை பார்த்த பன்றி இறைச்சியைச் சிவபெருமானுக்குப் படைத்தார். முறைப்படி பூசை செய்துவந்த சிவகோசரியார் அந்த இறைச்சியைக் கண்டு பதறி, இடத்தைத் தூய்மை செய்து கலங்கி நின்றபோது, கனவில் இறைவன் அவருக்குச் சொன்னதாகச் சேக்கிழார் பாடுவதைக் கவனி: ‘அவனுடைய வடிவெல்லாம் நம்பக்கல் அன்பென்றும், அவனுடைய அறிவெல்லாம் நமையறியும் அறிவென்றும்’. அந்த வேடரே கண்ணப்ப நாயனார். காய்கறி உணவுக்கே சைவம் என்று பெயர் சொல்லும் மொழி நம்முடையது. அந்தச் சைவம் 63 நாயன்மார்களுள் ஒருவராக அவரை வைத்து வணங்குகிறது.

இனி, உன் பாட்டியைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது, விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்த் திரும்பியதும் அவர் முதலில் கவனிப்பது அடுப்பை அன்று, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த ஆட்டைத்தான். குட்டியிலிருந்து வளர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை முனியாண்டிக்குக் கொடுப்பார். பூசை முடிந்ததும் கறியைக் கூறு போட்டு, சம்பளம் குறைந்த வீடு, சண்டை போட்ட வீடு என்று பாராமல் லயத்திலிருந்த எல்லா வீடுகளுக்கும் ஒரே அளவாகக் கொடுத்தனுப்புவார்கள். மற்ற நாள்களில் கருவாடும் கீரையுமாகக் காலம் தள்ளிய பிள்ளைகளுக்கு ஆட்டுக்கறி என்பதே அந்த ஒரு நாள்தான். தான் வளர்த்த ஆட்டின் கறியைப் பாட்டி ஒருமுறையும் வாயில் வைத்ததில்லை. அன்றிரவு அவருக்கு ரசமும் சோறும்தான். ஏன் என்று நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

நீ போற்றும் வள்ளலாரையே எடுத்துக்கொள். கொலையும் புலால் உணவும் உடையவர்களைப் புறவினத்தார், அதாவது தம் நெறிக்கு வெளியே நிற்பவர்கள், என்று கண்டிப்பாகப் பிரித்தவர் அவர். அதில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. ஆயினும் அவர்களுக்கும் பசி தவிர்த்தலைச் செய்யச் சொன்னார். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. பசியோடு வருபவன் நேற்று என்ன உண்டான் என்று அங்கே கேட்பதில்லை. அவருடைய கண்டிப்பை நீ எடுத்துக்கொண்டாய். இதையும் எடுத்துக்கொள் என்பதே உன்னிடம் நான் கேட்பது. என்ன உண்கிறார்கள் என்பதைக் காட்டியே நம் முன்னோர் பலரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள் என்பதை அறிந்த நமக்கு அந்தப் பேச்சு வரக்கூடாது.

கிடா வெட்டுவதை நீ ஏற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிடாவுக்குப் பதில் பூசணிக்காய் வெட்டினால் போதும் என்று கோயில் கூட்டத்தில் சென்ற ஆண்டு பேசியவன் நான். இன்னும் உடன்பாடு வரவில்லை, இவ்வாண்டும் பேசுவேன். ஆனால் அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்துதான் அதைப் பேசுவேன்.

பூசை ஆடி மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை. நீ வந்தால் உனக்கென்று தனிப் பாத்திரத்தில் சமைப்பதாகப் பாட்டி சொல்லி, புதுச் சட்டி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஒன்பது பேரரசர் திருவிழாவின் 9 நாளும் வெங்காயம், பூண்டு கூடச் சேர்ப்பதில்லை என்பதால், உன் சைவமும் அப்படிப்பட்டதா என்று பாட்டி கேட்டு எழுதச் சொன்னார். மறக்காமல் பதில் எழுது.

அன்புடன்,
அப்பா