வசந்தாவுக்கு, நீ கேட்ட மானைப் பற்றி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு நிம்மதியானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்ளச் சொல். குனிந்து குனிந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார், அவரைத் தெரியாதா. கொஞ்ச நாளைக்கு அந்த வேலையை நீயே பார்த்துக்கொள்.

இங்கே ஜெனி பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். எட்டாம் மாதம். கால் லேசாக வீங்கியிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள் என்று டாக்டரம்மா சொன்னார்கள். அவள் அப்பா இருந்திருந்தால் இந்நேரம் தொட்டில் கட்ட எந்த உத்தரம் சரிப்படும் என்று வீட்டை அளந்துகொண்டிருப்பார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்த காலண்டரில் ஓடைக்கரையில் ஒரு மான் நிற்கிறது, அடியில் ஒரு வசனம் இருக்கிறது, உங்கள் வேதத்தில் மானுக்கு அப்படி என்ன இடம் என்று கேட்டிருந்தாய். அந்தப் படம் எங்கள் வீடுகளில் பாதியில் தொங்கும். பச்சைக் காடு, தெளிந்த தண்ணீர், தலை நிமிர்ந்து நிற்கும் கொம்பு மான். அழகான படம்தான். ஆனால் அந்த வசனத்தில் இல்லாத ஒன்றை வரைந்துவிட்டார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். தண்ணீரைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வேதாகமத்தில் உள்ள பக்திப் பாட்டுகளைச் சங்கீதங்கள் என்போம். அது 42ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்: "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல, தேவனே, என் ஆத்துமா உம்மை வாஞ்சித்துக் கதறுகிறது." மான் ஓடையைத் தேடித்தான் கதறுகிறது. இன்னும் போய்ச் சேரவில்லை. இஸ்ரவேல் தேசத்து ஓடைகள் பெரும்பாலும் மழைக்காலத்தில் மட்டும் ஓடுபவை. மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை மழையே ஏறக்குறைய இருக்காது, படுகை முழுக்கக் கூழாங்கல்தான். யோவேல் தீர்க்கதரிசி இதே காட்சியை வறட்சியாகவே காட்டுகிறார்: நதிகளில் தண்ணீர் வற்றிப்போயிற்று, காட்டு மிருகங்களும் உம்மை நோக்கிக் கதறுகின்றன என்று. எரேமியா 14ஆம் அதிகாரம் இன்னும் கொடியது. புல் இல்லாததால் பெண்மான் வெளியில் குட்டியை ஈன்று அப்படியே விட்டுவிட்டுப் போகிறது. எருசலேம் விழுந்தபின் பாடிய புலம்பலில், அந்த நகரத்துப் பிரபுக்கள் மேய்ச்சல் கிடைக்காத மான்களைப்போலத் துரத்துகிறவனுக்கு முன்னால் பலனற்று ஓடுகிறார்கள்.

வேதாகமத்தில் மான் வரும் இடங்களை வரிசையாகப் படித்தால், சாந்தமாக நின்று பார்க்கும் மானை நான் அதிகம் காணவில்லை. தாகம், பஞ்சம், துரத்தல், பிரசவ வேதனை, செங்குத்துப் பாறை, இவற்றுக்கு நடுவில்தான் அது வருகிறது. உன் கேள்விக்கு என் பதில் இதுதான், வசந்தா: எங்கள் வேதத்தில் மான் ஒரு தேவையின் உருவம். இன்னும் கிடைக்காததற்காகத் தவிக்கும் உயிர்.

42ஆம் சங்கீதத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று உண்டு. பாடுகிறவன் எங்கே இருக்கிறான் என்று ஆறாம் வசனத்தில் சொல்லிவிடுகிறான்: யோர்தான் தேசம், எர்மோன் மலை. எர்மோன் 2,814 மீட்டர் உயர மலை. அதன் பனி உருகி அடிவாரத்தில் ஊற்றுகளாகப் பீறிட்டுத்தான் யோர்தான் நதி பிறக்கிறது. அந்த நாட்டிலேயே தண்ணீருக்குக் குறைவில்லாத இடம் அதுதான். அங்கே நின்றுகொண்டுதான் அவன் தாகம் என்கிறான். எருசலேமின் ஆலயம் எங்கோ தெற்கே இருக்கிறது. பண்டிகைக் கூட்டத்தோடு நடந்து போன நாட்களை நினைத்து அழுகிறான். சுற்றிலும் அருவி இரைச்சல் கேட்க, அதுவே அவனுக்குப் பயமாக மாறுகிறது: "உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டு போகிறது." குடிக்கத் தவித்தவனை மூழ்கடிக்கவும் தண்ணீரே வருகிறது. "இரவும் பகலும் என் கண்ணீரே எனக்கு உணவாயிற்று" என்ற வரியும் இதே பாட்டில்தான். ஜெனியின் அப்பா இறந்துபோன வருஷத்தில் இந்தச் சங்கீதத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொல்ல முடியாது. கடைசி வரி வரைக்கும் அந்த மான் குடித்ததாக எழுதவில்லை. அப்படி எழுதாமல் விட்டதே எனக்குத் துணையாக இருந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் என்னை உடனே ஓடைக்கரையில் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தார்கள். சங்கீதம் அப்படி அவசரப்படவில்லை.

மோசேயின் சட்டத்தில் மானுக்கு விநோதமான ஓர் இடம் உண்டு. உபாகமம் 14இல் சாப்பிடத் தகுந்த சுத்தமான மிருகங்களின் பட்டியலில் அது இருக்கிறது. சாலொமோன் ராஜாவின் அன்றாடச் சாப்பாட்டுக் கணக்கில் மாடு, ஆடுகளோடு மான் வகைகளும் வருகின்றன. ஆனால் பலிபீடத்துக்கு அது போகாது. பலிக்கு மந்தையிலிருந்து மாடும் ஆடும், பறவைகளில் புறாவும்தான். யாரும் வளர்க்காத, யாருக்கும் சொந்தமில்லாத மிருகத்தை எப்படிக் காணிக்கை என்று கொடுப்பது? அதை வேட்டையாடினால் இரத்தத்தைத் தரையில் ஊற்றி மண்ணால் மூட வேண்டும், அவ்வளவுதான்.

இதை வைத்து யூத ரபிகள், அதாவது அவர்களுடைய வேத போதகர்கள், ஓர் அருமையான கதை சொல்லியிருக்கிறார்கள். ஒரு ராஜாவுக்கு ஆட்டு மந்தை இருந்தது. ஒரு நாள் காட்டிலிருந்து ஒரு மான் வந்து மந்தையோடு சேர்ந்துகொண்டது. ஆடுகளோடு மேயப் போகும், சாயங்காலம் ஆடுகளோடு பட்டிக்குத் திரும்பும். ராஜாவுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். நல்ல மேய்ச்சல் கொடுங்கள், யாரும் அடிக்கக் கூடாது, தண்ணீர் காட்டுங்கள் என்று மேய்ப்பனிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். மேய்ப்பன் கேட்டான்: உங்களுக்கு எத்தனையோ ஆடுகள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை, இந்த ஒற்றை மானுக்காக இவ்வளவு சொல்கிறீர்களே? ராஜா சொன்னார்: ஆடு பட்டிக்கு வருவது அதன் பழக்கம். மானோ வனாந்தரத்தில் தூங்கும் பிராணி. அவ்வளவு பெரிய காட்டை விட்டுவிட்டு நம் முற்றத்தில் வந்து நிற்கிறதே, அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வேறு ஜனத்திலிருந்து தங்களிடம் வந்து சேர்ந்தவர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதற்காகச் சொன்ன கதை இது. வந்தவர்களைச் சந்தேகமாகப் பார்க்கும் வழக்கம் எந்தச் சபையிலும் இருக்கிறது, எங்கள் சபையும் விலக்கில்லை. அதனால்தான் இந்தக் கதையைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொன்னேன். எழுந்து போகும்போது ரெண்டு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜெனி வந்ததிலிருந்து யோபு 39ஆம் அதிகாரம் மனசில் ஓடுகிறது. பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவிடம் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். விளக்கம் தரவில்லை, கேள்விகள் கேட்கிறார். அதில் ஒன்று: மான்கள் குட்டி போடுகிறதை நீ கவனித்தாயோ, அவை சினைப்பட்டிருக்கும் மாதங்களை எண்ணினாயோ? பிள்ளைகளை இழந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சின்ன வயதில் எனக்குக் கோபம் வரும். இப்போது வேறு மாதிரி படுகிறது. மருத்துவச்சி இல்லாத மலையில், பார்க்க ஒருவருமில்லாத இடத்தில் ஒரு மான் முழங்காலிட்டு ஈனுகிறதே, அந்த மாதங்களையும் நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்வதாகக் கேட்கிறது.

தல்மூத் என்ற தங்கள் விளக்க நூலில் ரபிகள் இதை இன்னும் நீட்டினார்கள். மானின் கருப்பை வாய் குறுகலானதாம். ஈனும் நேரத்தில் கடவுள் ஒரு பாம்பை அனுப்புவாராம், அது அங்கே கடிக்கும், வாய் நெகிழும், குட்டி வெளியே வரும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் தாய் செத்துப்போகும். மருத்துவச்சியாக ஒரு பாம்பு! நம்பச் சொல்லவில்லை. ஆனால் எட்டாம் மாதத்தில் மகளை வீட்டில் வைத்திருப்பவளுக்கு அந்த ஒரு நொடியைப் பற்றிய அக்கறை புரிகிறது.

வேடிக்கை என்னவென்றால், பழைய கிறிஸ்தவர்கள் இதே இரண்டு பிராணிகளையும் எதிரிகளாக்கினார்கள். மான் பாம்புப் பொந்தில் தண்ணீரை உமிழ்ந்து, பாம்பை வெளியே வரவழைத்து மிதித்துக் கொல்லும் என்று மிருகங்களைப் பற்றிய அவர்களுடைய பழைய நூல் ஒன்று சொல்கிறது. மான் கிறிஸ்து, பாம்பு சாத்தான். பாம்பைக் கொன்ற பிறகு மானுக்குத் தாகம் அதிகமாகும், அதனால்தான் சங்கீதத்து மான் ஓடையைத் தேடுகிறது என்று வட ஆப்பிரிக்காவில் பிஷப்பாக இருந்த அகுஸ்தீனும் விளக்கினார். பாவத்தைக் கொன்றுவிட்டு ஞானஸ்நானத் தண்ணீருக்கு ஓடுவது என்று அர்த்தம். எனக்கு இது ஒட்டவில்லை. தாகத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டுமா? ஆனால் அதே பிரசங்கத்தில் அவர் சொன்ன இன்னொன்று இருக்கிறது, அதற்காக அவரை மன்னித்துவிடலாம். மான்கள் கூட்டமாகத் தண்ணீரை நீந்திக் கடக்கும்போது ஒவ்வொன்றும் தன் தலையை முன்னால் போகும் மானின்மேல் சாய்த்துக்கொள்ளுமாம். எல்லாவற்றுக்கும் முன்னால் போகும் மானுக்குச் சாய இடமில்லை. அது களைத்ததும் பின்னால் வந்துவிடும், அடுத்தது முன்னால் போகும். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து நடங்கள் என்று அப்போஸ்தலன் பவுல் எழுதியதற்கு இதைவிடப் பொருத்தமான படம் வேண்டுமா?

அந்தக் காலத்தில் ஈஸ்டருக்கு முந்தின இரவு ஞானஸ்நானம் பெறப் போகிறவர்கள் 42ஆம் சங்கீதத்தைப் பாடிக்கொண்டே தொட்டியை நோக்கி நடப்பார்கள். ரோமாபுரியில் பேரரசன் கான்ஸ்டண்டைன் கட்டிய ஞானஸ்நான மண்டபத்துக்கு, வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் 7 வெள்ளி மான்களைக் கொடுத்தான் என்று பழைய பதிவு இருக்கிறது. இத்தாலியின் ராவென்னா நகரத்தில் 5ஆம் நூற்றாண்டு மொசைக் சித்திரத்திலும், ரோமாபுரியின் சான் கிளமெண்டே ஆலயத்தில் 12ஆம் நூற்றாண்டு மொசைக்கிலும் மான்கள் குனிந்து தண்ணீர் குடிக்கின்றன. உன் காலண்டர் மானின் பாட்டன் பூட்டன்கள் இவர்கள்தான். தண்ணீருக்குள் இறங்கப் போகிறவர்கள் பாடிய பாட்டின் மான் என்பதால் அங்கே தண்ணீர் இருப்பது நியாயம்தான்.

உன்னதப்பாட்டில் காதலன் மலைகளின்மேல் குதித்து வருவதும் மானைப் போலத்தான். ஏசாயா 35இல் "முடவன் மானைப்போல் குதிப்பான்" என்று வருகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் ஆலய வாசலில் பிச்சை எடுத்த முடவன் குதித்து எழுந்து நடக்கும்போது அதை எழுதிய லூக்காவின் மனதில் இந்த வசனம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். யோப்பா ஊரில் விதவைகளுக்கு அங்கி தைத்துக் கொடுத்த தொற்காளின் பேருக்கும் மான் என்றுதான் பொருள். ஏழைகளுக்குத் துணி தைக்கும் சங்கங்களுக்குப் பல நாடுகளில் அவள் பேரை வைத்தார்கள்.

ஆபகூக் தீர்க்கதரிசியை விட மனசில்லை. அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சை இல்லை, வயல் விளையவில்லை, தொழுவத்தில் மாடில்லை என்று எல்லா இழப்பையும் எண்ணிச் சொல்லிவிட்டு, "அவர் என் கால்களை மான்கால்களைப்போலாக்கி, உயரமான ஸ்தலங்களில் என்னை நடக்கப்பண்ணுவார்" என்று முடிக்கிறார். பாறையைச் சமதளமாக்கித் தா என்று கேட்கவில்லை. பாறை அப்படியே இருக்கிறது. மாறுவது கால். ஜெனி அப்பாவின் கல்லறையில் இந்த வசனத்தைத்தான் பொறித்திருக்கிறோம்.

கடைசியாக 22ஆம் சங்கீதம். அதன் தலைப்பில் "விடியலின் பெண்மான்" என்று இருக்கிறது, பாட்டு மெட்டின் பெயராக இருக்கலாம் என்பார்கள். அந்தத் தலைப்பின் கீழே முதல் வரி: என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்? இயேசு சிலுவையில் கதறியது இதைத்தான். ரபிகளுக்கு அந்த விடியல் மான், பாரசீக ராஜ்யத்தில் யூத ஜனத்தை அழிவிலிருந்து காப்பாற்றிய எஸ்தர் ராணி. என் பேருக்குச் சொந்தக்காரி என்பதால் எனக்குத் தனிப் பெருமை. எருசலேம் தல்மூதில் ஒரு காட்சி வருகிறது. ரபி ஹியாவும் ரபி ஷிமோன் பென் ஹலாப்தாவும் கலிலேயாவில் அர்பேல் பள்ளத்தாக்கில் இருட்டோடு நடந்து போகிறார்கள். கிழக்கே கொம்புகளைப்போல ஒளி கிளம்புகிறது. ஹியா சொல்கிறார்: நம் மீட்பும் இப்படித்தான், முதலில் கொஞ்சம் கொஞ்சமாக வரும், போகப் போகப் பெரிதாகும். இதற்குச் சாட்சியாக எஸ்தரின் கதையைத்தான் படிப்படியாக எடுத்துக் காட்டுகிறார்கள்.

உனக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். அந்த நாட்டு மான்களில் ஒரு வகையை வேட்டையாடி அங்கே அடியோடு அழித்துவிட்டார்கள். அந்த வகை ஈரானில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. 1978 முடிவில், புரட்சி வெடிக்கும் நேரத்தில், தெஹ்ரானிலிருந்து இஸ்ரேலுக்கு விமானத்தில் 4 பெண் மான்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெருக்கி, 1996இலிருந்து கலிலேயாக் காடுகளில் விட்டார்கள். உபாகமத்தின் பட்டியலில் உள்ள ஒரு பெயர் இந்த மானைத்தான் குறிக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள்.

நான் இவ்வளவு எழுதிவிட்டேன், இனி உன் முறை. உங்கள் சிவன் இடக்கையில் ஒரு மான் குட்டியை ஏந்தி நிற்கிறாரே, அது ஏன்? தேவாரத்தில் அது எங்கெங்கே வருகிறது? உன் அப்பா பாடுவாரே, அந்தப் பதிகங்களை எழுதி அனுப்பு. ஜெனிக்குக் குழந்தை பிறந்ததும் போன் பண்ணுகிறேன். அண்ணனுக்குக் கண் சரியானதும் ரெண்டு பேரும் கிளம்பி வாருங்கள், பின்கட்டு அறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
எஸ்தர்