கப்பல் பயணம்: கரையில் எங்கே போவது? ஞாயிற்றுக்குள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே! ஜூலையில் மயாமியிலிருந்து கிளம்பும் நம் கப்பல் மூன்று துறைமுகங்களில் நிற்கும். நம் எல்லோருக்கும் கரீபியன் பக்கம் இதுதான் முதல் தடவை. எங்கே என்ன பார்ப்பது என்று ஒவ்வொரு வீட்டாரும் வரும் ஞாயிறு இரவு 9 மணிக்குள் சொல்லிவிடுங்கள்.

1. கோசுமெல், மெக்சிகோ: துலூம் மாயன் இடிபாடுகளைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் படகில் முக்கால் மணி நேரம், அப்புறம் பஸ்ஸில் ஒரு மணி நேரம். திரும்பவும் அதே பாடு. சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்குத் கோசுமெல் தீவிலேயே இருக்கும் சான் ஹெர்வாசியோ மாயன் இடிபாடுகளே போதும். என் ஓட்டும் அதற்குத்தான்.

2. கிராண்ட் கேமன்: கப்பல் கரையில் அணையாது, சிறு படகில்தான் இறங்க வேண்டும். திருக்கை மீன்கள் வரும் மணல்திட்டில் தண்ணீர் இடுப்பளவுதான்.

3. ஓச்சோ ரியோஸ், ஜமைக்கா: டன்ஸ் ரிவர் அருவியில் கைகோத்து ஏற வேண்டும். வழுக்காத தண்ணீர் ஷூ அவசியம். முழங்கால் வலிக்காரர்களுக்குப் பக்கத்தில் படிக்கட்டு உண்டு.

4. கப்பல் மூலம் பதிந்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியாரிடம் பதிந்தால் காத்திருக்காது. விலை குறைவு என்று மட்டும் பார்க்காதீர்கள்.

5. ஜூலையில் மூன்று ஊர்களிலும் மணி மயாமியைவிட ஒரு மணி நேரம் பின்னால். கைபேசியை நம்பாமல் கப்பலில் அறிவிக்கும் நேரத்தையே பாருங்கள்.

பதிலில் பெயர், ஆள் கணக்கு, பிள்ளைகளின் வயது மூன்றும் வேண்டும். வெறும் கட்டைவிரல் படம் கணக்கில் சேராது!