பில் மெஷின் சும்மா இருக்கவில்லை: கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் மாடி மாடியாக ஏறி இறங்கி, சின்னக் கடைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பிகளுக்கு,

வணக்கம். மண்ணடியில் ஒரு இரும்புச் சாமான் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இருபத்தாறு வருஷம் ஆகிறது. எங்கள் பில் புரோகிராம் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய மென்பொருளில் எழுதியது, விண்டோஸுக்கு முந்தைய காலத்து டாஸில் ஓடுவது. நீலத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸுக்கு வேலையே கிடையாது. அதற்காகவே 32 பிட் விண்டோஸ் போட்ட பழைய மெஷின் ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். 64 பிட் விண்டோஸில் இந்தப் புரோகிராம் நேரடியாகத் திறக்காது என்பது உங்களுக்கே தெரியும். ஜிஎஸ்டி வேலையெல்லாம் பக்கத்து மேஜையில் இருக்கும் புது மெஷினில்.

"ஏன் மேடம் இன்னும் இதையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்" என்று உங்களில் பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒருமுறை மாற்றிப் பார்த்தோம். முக்கால் இன்ச் போல்ட்டுக்கு நாங்கள் வைத்திருக்கும் குறியீடு புதுசில் ஏறவில்லை, முதலாளி மூன்றாம் நாளே பழசுக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கதை போதும்.

நான் சொல்ல வந்தது வேறு. போன வருஷம் ஆடி மாதம் முதல் அந்த மெஷின் திக்க ஆரம்பித்தது. திக்கியது என்று நான் சொல்லவில்லை, லோடு ஏற்றும் ஆறுமுகம் அண்ணன் சொன்னார். ராத்திரி எட்டு மணி, கீழே லாரி நிற்கிறது, டெலிவரி பில் வேண்டும். நான் குறியீட்டைத் தட்டுகிறேன், எழுத்து திரைக்கு வர ஒரு நொடி ஆகிறது. அச்சுக்குக் கொடுத்தால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கர்ர்ர் என்று ஒரு வரி அடித்துவிட்டு நிற்கிறது. மறுபடி ஒரு வரி, மறுபடி நிற்கிறது. "என்னம்மா, மெஷினுக்கும் வாய் திக்குதா?" என்றார். மாதக் கடைசி ஸ்டாக் ரிப்போர்ட் எப்போதும் பன்னிரண்டு நிமிஷத்தில் முடியும். அந்த மாதம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டியது.

வைரஸ் என்றோம், தூசி என்றோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மெமரி வாங்கிப் போட்டோம். பணம் போனதுதான் மிச்சம். கரண்ட் போனால் இருபது நிமிஷம் தாங்கும் யூபிஎஸ் எட்டு நிமிஷத்தில் கீச்சிட ஆரம்பித்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். யாரும் ஒரு சாவியைக்கூடத் தொடாத நேரத்திலும் மெஷினின் முதுகிலிருந்து இட்லிப் பானை ஆவி மாதிரிச் சூடாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

கடைசியில் கண்டுபிடித்தவன் என் அக்கா மகன். எந்தப் புரோகிராம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தான், மெஷினின் மூளையான சிபியு நூறு சதவீதம். எங்கோ தூரத்தில் இருக்கும் ஆராய்ச்சிக்கு, இங்கே சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஒரு மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. எது என்று பெயர் சொல்லப் போவதில்லை. அதன்மேல் குற்றமும் இல்லை. எங்களுக்கு சர்வீஸ் பார்க்கும் தம்பி நல்லெண்ணத்தில் போட்டிருக்கிறார். கேட்டபோது மறைக்கவில்லை. "லோ பிரையாரிட்டிதான் மேடம், மிச்ச நேரத்தை மட்டும்தான் எடுக்கும், உங்க வேலையைத் தொடாது" என்றார். அவர் நம்பித்தான் சொன்னார்.

இந்தப் பணியை நான் கேலி செய்யவில்லை. 1999 மே மாதம் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய செட்டி அட் ஹோம் பற்றிப் பிற்பாடு படித்தேன். (பெயரை முதலில் கேட்டபோது எங்கள் தெருக்காரர் யாரோ என்றுதான் நினைத்தேன்.) அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்ததைத் துண்டு துண்டாக்கி உலகம் முழுக்க வீடுகளுக்கு அனுப்பி, வேற்றுக்கிரகச் சமிக்ஞை இருக்கிறதா என்று தேடினார்கள். 2020 மார்ச்சில் புதுத் துண்டுகள் அனுப்புவதை நிறுத்தினார்கள். அதே மார்ச்சில், கொரோனா புரதத்தை ஆராய, இதே மாதிரி வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஓடும் ஃபோல்டிங் அட் ஹோமில் மக்கள் குவிந்து, சூப்பர் கம்ப்யூட்டர்களையே மிஞ்சும் வேகத்தைக் கொடுத்தார்கள். சரி, பெரிய காரியம்தான்.

ஆனால் அந்த "மிச்ச நேரம்" என்ற வார்த்தையில்தான் என் வழக்கு இருக்கிறது.

அக்கா மகன் சொல்லி எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு இது பாலபாடமாக இருக்கலாம். இன்றைய புரோகிராம் வேலை இல்லையென்றால் விண்டோஸிடம் சொல்லிவிட்டுத் தூங்கும். டாஸ் காலத்துப் புரோகிராமுக்குத் தூங்கத் தெரியாது. மொத்த மெஷினும் தன்னுடையது என்று நினைத்து எழுதப்பட்டது அது. சாவி தட்டினார்களா, தட்டினார்களா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். விண்டோஸ் இதைக் கவனிக்கிறது. இவ்வளவு கேட்கிறதே, அப்படியானால் இது சும்மா இருக்கிறது என்று முடிவு கட்டி நேரத்தை அடுத்தவருக்குக் கொடுக்கிறது. அடுத்தவர் யாரும் இல்லாத வரை வம்பில்லை, நேரம் உடனே திரும்பி வந்துவிடும். பின்னால் ஒருவர் இலை போட்டு உட்கார்ந்திருந்தால்? வந்ததையெல்லாம் அவரே சாப்பிடுகிறார்.

எங்கள் புரோகிராமை எழுதிய மனிதர் கவனமானவர். ரிப்போர்ட் ஓடும்போது ஒவ்வொரு வரிக்கும் "எஸ்கேப் தட்டினாங்களா" என்று பார்க்கும்படி எழுதியிருக்கிறார், பாதியில் நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்தலாமே என்று. அந்தக் கவனமே வினையாகிவிட்டது. மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே அது சும்மா இருப்பதாகக் கணக்காகிவிட்டது. பிரையாரிட்டி எவ்வளவு குறைவாக வைத்தாலும், நேரத்தைத் தூக்கிக் கொடுப்பது விண்டோஸே என்றால் என்ன பயன்? அந்த மென்பொருளை நிறுத்தியதும் பிரிண்டர் ஒரே மூச்சில் பக்கத்தை அடித்து முடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் அசட்டுத்தனம்தான்.

உங்களிடம் கேட்பது இதுதான். ஒரு மெஷினில் இந்த மாதிரி எதையும் போடுவதற்கு முன், அதில் தினமும் உட்காருகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முதலாளியிடம் மட்டும் கேட்டால் போதாது, அவர் எல்லாவற்றுக்கும் "சரி" என்பார். 2000ஆம் வருஷத்து தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43 எடுத்த எடுப்பிலேயே உரிமையாளரின் அல்லது கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவரின் அனுமதியைப் பற்றித்தான் பேசுகிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் கணினி நிர்வாகி இதே போன்ற மென்பொருளைக் கல்லூரி மெஷின்களில் போட்டுவிட்டு வழக்கில் சிக்கினார். 2002 ஜனவரியில் நன்னடத்தைக் கண்காணிப்போடும் 2,100 டாலர் இழப்பீட்டோடும் தப்பினார். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நம் தம்பிமீது யாரும் புகார் கொடுக்கவில்லை, போன வாரம்கூட வந்து காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

போட்டே ஆக வேண்டும் என்றால் வழிகள் இருக்கின்றன. டாஸ் புரோகிராமின் புராப்பர்ட்டீஸில் மிஸ்க் பக்கத்தில் ஐடில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு நகர்த்தி இருக்கிறது. அதைக் குறைவான பக்கம் இழுத்தால் விண்டோஸ் அவ்வளவு சீக்கிரம் நேரத்தைப் பிடுங்காது. இப்படி ஆராய்ச்சிக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் பாயிங்க் மாதிரியான மென்பொருளில், குறிப்பிட்ட ஒரு புரோகிராம் ஓடும்போது கணக்கை நிறுத்திவை என்று எழுதிவைக்கலாம். டாஸ் புரோகிராம்கள் எல்லாம் அங்கே என்டிவிடிஎம் என்ற ஒரே பெயரில் தெரியும், அதைச் சேர்த்தால் போதும். இதை அக்கா மகன் தேடிப்பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை.

அப்புறம், பக்கத்து மேஜைப் புது மெஷின் மத்தியானம் இரண்டு முதல் நான்கு மணி வரை உண்மையிலேயே சும்மாதான் இருக்கிறது. அதில் போட்டுக்கொள்ளச் சொல்லி தம்பியிடம் நானே சொல்லிவிட்டேன், முதலாளியிடமும் கேட்டாகிவிட்டது. ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் மட்டும் நிறுத்திவைக்க வேண்டும். பில் மெஷினின் மானிட்டர் மேல் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "இதில் எதையும் போடுமுன் சரஸ்வதியிடம் கேட்கவும்."

இப்படிக்கு,
சரஸ்வதி
மண்ணடி, சென்னை